ஊரிலிருந்து வந்த ஸ்கூட்டரும் இரண்டாயிரம் ரூபாய் சலானும்

தில்லியில் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் ஊரிலிருந்து வந்த பொருள் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். முன்பெல்லாம் ஆட்டுக்கல்லும் பித்தளை அண்டாவும் வந்தன. இப்போது பல வீட்டு வாசல்களில் டி.என். எண் பலகையோடு ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. பெட்ரோலை வடித்து, சாக்கைச் சுற்றி, ரயிலில் பார்சலாகப் போட்டு, புது தில்லியிலோ நிஜாமுதீனிலோ இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். வண்டி பத்திரமாக வந்து சேர்ந்து விடுகிறது. அதன் காகித விவகாரங்கள் மட்டும் ஊரிலேயே தங்கி விடுகின்றன. அவற்றுள் இன்ஷூரன்ஸ் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

எங்கள் மயூர் விஹார் பகுதியில் ஒரு குடும்பம். தகப்பனார் கும்பகோணத்தில் இருக்கிறார். அவர் 2019-ல் வாங்கிய ஸ்கூட்டரைப் பிள்ளை இங்கே கொண்டுவந்து, நொய்டாவில் இருக்கும் அலுவலகத்துக்கு தினமும் ஓட்டிக்கொண்டிருந்தான். 2025-ல் ஒரு நாள் அக்ஷர்தாம் அருகே போக்குவரத்துப் போலீசார் நிறுத்தினார்கள். ஹெல்மெட் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஆர்.சி.யும் கைப்பேசியில் இருந்தது. ஆனால் அதிகாரி தம் கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டியதும், இன்ஷூரன்ஸ் 2024-லேயே முடிந்துவிட்டது என்று காட்டியது. சலான் போட்டு அனுப்பி விட்டார்கள். மறுநாள் காலையில் தாயும் பிள்ளையுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். "ஜெயில்னு ஏதோ போட்டிருக்கே அண்ணா, பையனைப் பிடிச்சுண்டு போயிடுவாளா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது கண் கலங்கியிருந்தது.

அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, பொது இடத்தில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நாம் தேர்டு பார்ட்டி என்று சொல்வது, இருந்தே தீர வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் என்ன தண்டனை என்பதை 196-வது பிரிவு சொல்கிறது. முன்பு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் சிறை அப்படியே இருக்க, அபராதம் முதல் தடவைக்கு 2,000 ரூபாய், அடுத்த தடவைகளுக்கு 4,000 ரூபாய் என்று ஆயிற்று. சிறை என்ற சொல் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் விபத்து எதுவும் இல்லாமல் சாலைச் சோதனையில் பிடிபட்டவர் விஷயம், நானறிந்த வரையில், அபராதத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த அம்மாளுக்கு முதலில் இதைச் சொல்லி ஒரு வாய் காப்பி குடிக்கச் சொன்னேன்.

அந்தப் பிரிவில் இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி இல்லை. ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் அதே பிரிவில் வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் "மாமா, அஞ்சு நிமிஷம்" என்று சாவி கேட்டால் நாம் கொடுத்து விடுகிறோம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் கொடுத்தவர் கதையும் அதேதான்.

சலான் வந்ததும் பணம் கட்ட ஓடக் கூடாது. உண்மையிலேயே இன்ஷூரன்ஸ் இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய கார்களுக்கு மூன்று வருஷமும், புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷமும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுத்தாக வேண்டும். (இந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன். சாலை விபத்தில் நொறுங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்.) ஆனால் நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். ஆகவே அப்படிப்பட்ட பாலிசியில் இரண்டு காலாவதித் தேதிகள் அச்சாகியிருக்கும். முதல் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சலான் எழுதினால் அது தவறு. சட்டம் கேட்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. பாலிசியின் அந்தப் பக்கத்தைக் காட்டி ஆட்சேபிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் இருந்து, கையில் இல்லாமல் போவது வேறு விஷயம். 158-வது பிரிவின்படி, கேட்ட நாளிலிருந்து ஏழு நாளைக்குள், நாம் குறிப்பிடும் போலீஸ் நிலையத்தில் சான்றிதழைக் காட்டிவிட்டால், காட்டத் தவறியதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. இப்போது காகிதம்தான் வேண்டும் என்பதும் இல்லை. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருக்கும் ஆவணம் போதும் என்று மத்திய அரசு 2018-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சில சமயம் புதிதாக எடுத்த பாலிசியின் விவரம் அரசாங்கத்தின் வாகன் பதிவேட்டில் ஏறாமல் இருக்கும், அல்லது எஞ்சின் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். அப்போது அதிகாரியின் கருவி இல்லை என்றே காட்டும். அதிகாரியோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. பாலிசி நகலை வைத்து, சலான் தளத்திலேயே புகார் செய்யலாம், கோர்ட்டிலும் காட்டலாம். கம்பெனிக்கும் எழுதிப் பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

"டி.என். இன்ஷூரன்ஸ் இங்கே செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த ஊரில் எடுத்த பாலிசியும் இந்தியா முழுவதற்கும் செல்லும்.

நம் பையன் விஷயத்தில் இந்தச் சந்தேகம் எதற்கும் இடமில்லை. 2019-ல் எடுத்த ஐந்து வருஷக் காப்பீடு 2024-ல் முடிந்துவிட்டது. ஐந்து வருஷம் எதையும் புதுப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆறாவது வருஷத்தில் அந்த நினைவே வீட்டில் யாருக்கும் இல்லை. அந்த உத்தரவுக்குப் பிறகு வாங்கிய எத்தனையோ ஸ்கூட்டர்களுக்கு இதுதான் நடந்திருக்கும். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வண்டியின் தேதியை இன்றே பார்த்துவிடுவது நல்லது.

அவனிடம் நான் சொன்னது, முதலில் இன்ஷூரன்ஸ், பிறகுதான் அபராதம். சலானுக்குப் பணம் கட்டிய ரசீது காப்பீடு ஆகிவிடாது. இன்று கட்டிவிட்டு நாளை அதே வண்டியில் போய்ப் பிடிபட்டால் அது இன்னொரு குற்றம். ரயில்வேயில் கூட்ஸ் வண்டிக்கு பிரேக் பவர் சர்டிபிகேட் என்று ஒன்று உண்டு. வண்டி பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகாமல் வண்டியை நகர்த்த மாட்டோம். அதே மாதிரி, பாலிசி கைக்கு வரும் வரை ஸ்கூட்டரைத் தொடாதே, மெட்ரோவில் போ என்றேன்.

பாலிசி எடுப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு வருஷத்துக்கு 714 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 843. காலாவதியான வண்டியானாலும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் என்றால் வண்டியைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டியதில்லை. சொந்தச் சேதமும் சேர்த்து எடுத்தால் பரிசோதனை உண்டு. 90 நாளுக்கு மேல் விட்டிருந்தால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். பொல்யூஷன் சான்றிதழ் இல்லாமல் பாலிசி தர மாட்டோம் என்று சில ஏஜெண்டுகள் இன்னும் சொல்கிறார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் விதித்த அந்த நிபந்தனையை 2024 ஜூலையில் அந்த நீதிமன்றமே மூன்றாம் நபர் காப்பீட்டைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. பொல்யூஷன் சான்றிதழ் தனியாக அவசியம்தான், தில்லியில் கேட்கவே வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸைத் தள்ளிப் போட வேண்டாம்.

பாலிசி வந்ததும் தொடங்கும் தேதியையும் நேரத்தையும் படித்துப் பாருங்கள். இடைவெளி விட்டுப் புதுப்பிக்கும்போது சில கம்பெனிகள் மறுநாளிலிருந்தோ, இரண்டொரு நாள் தள்ளியோ தொடங்குகின்றன. பத்து மணிக்குப் பிடிபட்டு, ஓரமாக நின்று கைப்பேசியில் பதினொரு மணிக்குப் பாலிசி எடுத்து அதைக் காட்டினால் பத்து மணிக் குற்றம் போய்விடாது. பணம் கிடைப்பதற்கு முன்னால் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பது 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த பையன், "ஒரு வருஷம் இப்படியே ஓட்டியிருக்கேன் மாமா, ஒண்ணும் ஆகலையே. ரெண்டாயிரம் கட்டினால் போச்சு" என்றான். அவனுக்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை இங்கேயும் போடுகிறேன், ஏனென்றால் சலான் தொகையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு விஷயத்தின் கனம் புரிவதில்லை.

மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கும் முப்பது வயதுக்காரர் ஒருவர் சாலையைக் கடக்கிறார். நம் வண்டி மோதி அவர் இறந்துவிடுகிறார். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள். விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தந்த தீர்ப்புகள் வகுத்திருக்கின்றன. வருஷ வருமானம் 3,60,000. நிரந்தர உத்தியோகம் இல்லாத, நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 5,04,000. மூன்று பேர் அவரை நம்பி இருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 3,36,000. முப்பது வயதுக்குரிய பெருக்கல் எண் 17. பெருக்கினால் 57,12,000 ரூபாய். ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் இந்தத் தொகையைக் கம்பெனி கொடுக்கும். மூன்றாம் நபர் மரணத்துக்கும் காயத்துக்கும் பாலிசியில் உச்ச வரம்பு கிடையாது. இல்லாவிட்டால் வண்டி ஓட்டியவரும் உரிமையாளரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பது போல கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. விபத்து செய்த, காப்பீடு இல்லாத வண்டியை விற்றுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டும்படியான விதிகளை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்கூட்டரை விற்று எவ்வளவு வரும்? உரிமையாளர் கும்பகோணத்தில் இருக்கும் அப்பா. அவருக்கென்று இருப்பது ஒரு வீடு. காகிதத்தில் 57 லட்சத்துக்குக் கீழே 714 என்று எழுதிக் காட்டினேன். பையன் பேசவில்லை. எதிர்ப்பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மனைவியும் குழந்தைகளும் தீர்ப்பு வாங்கி வைத்துக்கொண்டு, கொடுக்க வக்கில்லாதவனிடம் வசூலிக்க அலைவார்கள்.

இந்த இடத்தில் ஓர் உபகுறிப்பு. வெறும் மூன்றாம் நபர் காப்பீடு, இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குப் பொறுப்பேற்பதில்லை; 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. முழுக் காப்பீடு எடுத்தால் அவரும் அதில் அடங்குவார். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் யோசித்துப் பாலிசி எடுங்கள்.

இனி அபராதம் கட்டும் வழி. அரசாங்கத்தின் சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அந்த வண்டியின் மேல் உள்ள சலான்கள் தெரியும். அப்படிப் பார்த்தபோதுதான், இதைத் தவிர சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு ஒன்றும், நொய்டா போலீசார் போட்டது ஒன்றும் பழைய பாக்கியாக இருப்பது பையனுக்கே தெரிந்தது. குறுஞ்செய்தி எல்லாம் ஆர்.சி.யில் பதிவான எண்ணுக்குப் போயிருக்கிறது. அது அப்பா எப்போதோ கைவிட்ட எண். புதுப்பிக்கச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய நினைவூட்டலும் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

சில சலான்களை அந்தத் தளத்திலேயே கட்டி முடிக்கலாம். சில, கோர்ட்டுக்குப் போய்விடும். தில்லியில் 2019 முதல் போக்குவரத்துச் சலான்களுக்கு மெய்நிகர் நீதிமன்றம் இயங்குகிறது. மாஜிஸ்திரேட் நிர்ணயித்த தொகையை ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்தே கட்டலாம். வழக்காட விரும்பினால் அதையே தேர்ந்தெடுக்கலாம், அப்போது விஷயம் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். உண்மையாகவே பாலிசி இருந்தவர் மட்டும் வழக்காடுவது புத்திசாலித்தனம். அது முடிந்திருந்தது என்பது தெளிவாக இருக்கும்போது வழக்காடி லீவையும் வக்கீல் பீஸையும் செலவழிப்பானேன்?

தேசிய லோக் அதாலத் வருஷத்தில் சில தடவை, சனிக்கிழமைகளில் நடக்கிறது. சமரசத்துக்கு உட்பட்ட பாக்கிச் சலான்களை அங்கே குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தில்லியில் முன்கூட்டியே போக்குவரத்துப் போலீசின் தளத்தில் சலான் சீட்டை எடுத்து, அச்சிட்டு, அதில் குறித்த கோர்ட்டுக்குக் குறித்த நேரத்தில் போக வேண்டும். சீட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்; தளம் திறந்தவுடனே உட்கார வேண்டும். அங்கே முடிந்தால் முடிந்ததுதான், அப்பீல் கிடையாது. ஒன்றை நினைவில் வையுங்கள். நொய்டா சலான் உத்தரப் பிரதேசத்தினுடையது, குருகிராம் சலான் ஹரியானாவினுடையது. கர்கர்டூமா கோர்ட்டில் போய் நொய்டா சலானை நீட்டினால் திருப்பி அனுப்பி விடுவார்கள். யமுனைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு தினமும் இரண்டு மாநிலம்!

"லோக் அதாலத்துக்குக் காத்திருந்தால் குறையும்" என்று ஒரேயடியாக வருஷக் கணக்கில் விட்டுவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சலான் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று போன்ற வேலைகள் ஆர்.டி.ஓ.வில் நின்றுவிடக் கூடும். ரிட்டையராகி ஊருக்குத் திரும்பும்போது, லாரியில் சாமான் ஏற்றிய பிறகு இது தெரியவந்தால் எப்படி இருக்கும்?

பையன் மூன்று சலானையும் தீர்த்துவிட்டான். அப்பாவுக்குத் தெரியாமலே முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. ஆனால் ஆர்.சி.யில் கைப்பேசி எண்ணை மாற்ற உரிமையாளரின் ஆதார் சரிபார்ப்பு தேவைப்பட்டது. கும்பகோணத்துக்குப் போன் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல்ல வண்டியை உன் பேருக்கு மாத்திக்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

அவர் சொன்னது சரியான யோசனை. ஒரு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று 47-வது பிரிவு சொல்கிறது. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். உரிமையாளர் காலமாகிவிட்டால், வாரிசு மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கிறோம் என்று அவர் பெயரிலேயே பாலிசியும் புதுப்பித்து ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். விபத்து என்று வந்தால் கம்பெனி முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வண்டியை விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துப் பணம் வாங்கியதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவர் பதினான்கு நாளைக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி, பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சலான் பாக்கி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், கூடவே ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் கைப்பேசியும் வங்கிக் கணக்கும் திருடன் கைக்குப் போய்விடும். உண்மையான சலான் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல் அந்தத் தளத்துக்கு நாமே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.